அச்சடித்த மன்னிப்பு

786

சாலை, திருவனந்தபுரம்
10-7-1951

அன்புடையீர், அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்ஷா அல்லாஹ் இவ்வருடம் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறேன். எடையிலோ அளவிலோ பேச்சிலோ தங்களுக்கு ஏதேனும் குறை செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தங்கள்,
அ. மீரான் கண்ணு
அரிசி மொத்த வியாபாரம்

—

மணக்காடு
13-7-1951

ஜனாப் மீரான் கண்ணு அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

அச்சடித்த கார்டு கிடைத்தது. சாலையிலிருந்து மணக்காட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம். கார்டுக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. தபால்காரர் வேலப்பன், "உம்மா, இந்தத் தெருவுக்கு மாத்திரம் இதே கார்டு முப்பத்தொண்ணு கொண்டாந்தேன் கேட்டியளா" என்று சிரித்தார். விலாசம் உங்கள் குமாஸ்தாவின் கையெழுத்து.

உங்கள் கடையில் நான் ஒரு படி அரிசி வாங்கியதில்லை. நான் உங்கள் மனைவி. பிள்ளை இல்லை என்று சொல்லி, ஒன்பது வருஷத்துக்கு முன் கொல்லத்தில் இன்னொருத்தியைக் கட்டினீர்கள். அதன்பின் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. என்னைத் தலாக் சொல்லி விடுங்கள் என்று ஜமாஅத் மூலம் இரண்டு முறை கேட்டேன். "நம்ம குடும்பத்துல அப்படி வழக்கமில்லை" என்று சொல்லி அனுப்பினீர்கள். நானும் சட்டை தைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, யாருக்கும் ஒன்றுமில்லாதவளாக இருக்கிறேன்.

மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் பொறுக்காமல் அல்லாஹ்வும் பொறுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? நான் பொறுக்கவில்லை.

ருகையா

—

சாலை
16-7-1951

ருகையாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பு என்று குமாஸ்தா சுந்தரராமனிடம் சொன்னேன். பழைய விலாசங்களைப் பார்த்து உனக்கும் எழுதிவிட்டார். வெட்கமாக இருக்கிறது. நேரில் வந்திருக்க வேண்டியவன்தான், கால் வரவில்லை.

உன் கடிதம் வந்த நாள் முதல் எனக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஒரு யோசனை சொல்கிறேன். பம்பாய்க் கப்பலில் இன்னும் ஓர் இடம் இருக்கிறதாம். நீயும் என்னுடன் வா. கஃபாவைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! உன் கூடப்பிறந்த ஒரே காக்காவும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் விட்டுவிட்டால், கணவனோ, மஹ்ரமான இரத்த உறவு ஆண்துணையோ இல்லாமல் நீ யாரோடு போவாய்? கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்.

மீரான் கண்ணு

—

மணக்காடு
22-7-1951

வ அலைக்கும் ஸலாம்.

யோசித்தேன். முதலில் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? வாசலில் வந்து நின்று கூப்பிடுவது போல இருந்தது உங்கள் கடிதம். பக்கத்து வீட்டுக்காரி, "உனக்க நசீபு நல்லாருக்கு, பெட்டியைக் கெட்டு" என்றாள். இரண்டு நாள் பெட்டியைக் கட்டும் மனத்தோடுதான் இருந்தேன்.

பிறகு கோபம் வந்தது. செய்ததை நிறுத்தாமலே மன்னிப்பு மட்டும் வேண்டுமென்றால் என்ன நியாயம்? திரும்பி வந்ததும் நீங்கள் ஹாஜியார் ஆகிக் கொல்லத்துக்குப் போய்விடுவீர்கள். நான் ஹஜ்ஜும்மாவாக இதே மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். உங்கள் மனம் ஆறுவதற்காக என்னை அல்லாஹ்வின் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

துணையைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். நாம் ஷாஃபி மத்ஹபுச் சட்டவழிக்காரர்கள். கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து போனால் போதும் என்று பள்ளி இமாமிடம் ஆள் விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஆனா ஊர்ல யாரும் அப்படிப் போனதில்லையே" என்றாராம். யாராவது ஒருத்தி முதலில் போகத்தானே வேண்டும்!

என்னை விடுங்கள். அன்றே பொறுக்கிறேன். விடாமல் போனால், கஃபாவை ஏழு சுற்று சுற்றும்போதும் நான் பொறுக்கவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

ருகையா

—

முஸாபர்கானா, பம்பாய்
1-8-1951

ருகையாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பானூர் ஸ்டேஷனில் மாலைகள் போட்டு, தக்பீர் முழங்கி அனுப்பி வைத்தார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "பொறுத்தாச்சு" என்றார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஹஜ் பயணிகள் தங்கும் இந்தச் சத்திரத்துக்கு வந்தும் நான்கு நாள் தயங்கினேன். நேற்று ஹஜ்ஜுக்கு உடுத்தும் இஹ்ராம் துணியை எடுத்துப் பார்த்தேன். திரும்பவும் மடித்து வைத்துவிட்டேன்.

இன்று இரண்டு சாட்சிகள் முன்னால் ஒரு தலாக் சொல்லி எழுதிய தாள் இத்துடன் இருக்கிறது. நகல் ஜமாஅத்துக்கும் போகிறது. குடும்பப் பெருமைக்காக உன்னை விடாமல் கட்டிவைத்தேன். அது அநியாயம். இதை நானே என் கையால் எழுதுகிறேன்.

கப்பல் பன்னிரண்டாம் தேதி. அதற்குள் ஒரு வரி போடு. ஹஜ்ஜன்று அரஃபாத் மைதானத்தில் நிற்கும்போது உன் பெயரைச் சொல்லி, உனக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்க வேண்டும் என்று கேட்பேன்.

மீரான் கண்ணு

—

மணக்காடு
6-8-1951

மீரான் கண்ணு அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

தாள் கிடைத்தது. இரண்டு முறை படித்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தாளில் உள்ள தேதியிலிருந்து எண்ணி, தலாக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தா இருக்கிறேன்.

ஒன்பது வருஷத்தையும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துவிட்டேன். சொன்ன சொல் மாறமாட்டேன். நிம்மதியாகக் கப்பல் ஏறுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தெருவில் மூன்று பெண்கள் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருத்தியின் மகன் வீட்டில் பெரிய சண்டை. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. எந்த வருஷம் என்று தெரியாது, போவோம்.

அரஃபாத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அங்கே வந்து நின்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

ருகையா