நாற்பதாவது லாரி நின்ற இடம்

கசுங்குலா,
சாம்பேசி ஆற்றின் வடகரை,
செவ்வாய்க்கிழமை.

அக்ரா மாநகரில், ஆப்பிரிக்க நாடுகளின் பொது வணிக அலுவலகத்துக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவின் எல்லைக்கோடுகளை ஒவ்வொன்றாக ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருக்கும் அருமை மகள் இனோங்கேக்கு, பழைய படகுத்துறை வரிசையின் முன்னாள் சக்கரவர்த்தியும், இன்றைய தேதிக்குப் பன்னிரண்டு அறைகளுக்கும் எழுநூறு வௌவால்களுக்கும் அதிபதியுமான உன் சித்தப்பன் லுபிண்டா நம் வழக்கப்படி மூன்று முறை கைதட்டி வணங்கி எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நான் சுகம், கூரை ஒழுகவில்லை, ஆறு தன் இடத்தில்தான் ஓடுகிறது. நீயும் சுகம் என்று போனில் உன் குரல் சொன்னது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அங்கே காரம் அதிகம் என்றாயே, வயிற்றைப் பார்த்துக்கொள்.

வௌவால் எழுநூறு என்றதும் நீ பத்தால் வகுத்திருப்பாய். ஆறு வயதில் நீயே போட்ட சட்டம் அது, சித்தப்பா எந்த எண்ணைச் சொன்னாலும் பத்தால் வகுத்தால் உண்மை வரும் என்று. உன் அப்பா முயுண்டா இறந்து நீ எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம், அழுகையை நிறுத்துவதற்காக நான் முன்னூறு முதலைகளோடு சண்டை போட்ட கதையைச் சொன்னேன், நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப முப்பது" என்றாய். அந்தக் கணக்குத்தான் உன்னைப் பொருளாதாரம் படிக்க வைத்து அக்ரா வரைக்கும் கொண்டுபோனது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தில் மாடுகளைப் பற்றி ஒரு இடம் வரும், அதை மட்டும் வகுக்காதே.

உன் அறிக்கைக்கு இரண்டு வரி கேட்டிருந்தாய், பாலம் வந்ததால் எங்கள் ஊர் எப்படிச் செழித்தது என்று என் கையெழுத்திலேயே வேண்டும், சாதாரண மனிதரின் குரல் என்று பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போடுவோம் என்று. என்னைச் சாதாரண மனிதன் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை, அதையும் மன்னித்தேன். நான்கு நாளாக அந்த இரண்டு வரிக்கு முயற்சி செய்கிறேன், வரவில்லை, அதற்குப் பதிலாக இது வருகிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பேச்சோடு பேச்சாகப் பொய்யை அவிழ்த்து விடுவேன். பள்ளிக்கூடத்து டீச்சர் இதைப் படம் பிடித்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும், இந்த ஊரில் மறைக்க இனி யாரிடம் என்ன இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உன் கட்டம் கட்டும் ஆட்களுக்காகச் சொல்கிறேன். மிதவைப் படகு ஒரு தடவைக்கு ஒரு லாரியைத்தான் ஏற்றும். காங்கோவின் செம்பு தெற்கே போகவும் தெற்கின் சர்க்கரை வடக்கே வரவும் இந்த ஒரே துறை. அதனால் வரிசை காட்டுக்குள் நாற்பது கிலோமீட்டர் நீண்டது, சரி, நான்கு. அந்த வரிசைக்குப் பதினேழு வருஷம் நான்தான் அரசன். வருகிற ஒவ்வொரு லாரிக்கும் முன்பக்க இடது சக்கரத்தில் சாக்பீஸால் எண் போடுவேன், மழை அழித்தால் மனப்பாடத்திலிருந்து திரும்பப் போடுவேன், முந்தப் பார்த்தவனை விசில் ஊதிக் கடைசிக்கு அனுப்புவேன். போலீஸ்காரரே என்னிடம் வந்துதான் அடுத்தது யார் என்று கேட்பார். நீர்யானைகூட என்னிடம் எண் வாங்கிக்கொண்டுதான் கரையேறும். உன் சித்தி அடுப்பு போட்ட இடம் நாற்பதாவது லாரி நிற்கும் இடம், அது எவ்வளவு பெரிய மூளை என்று உன் பேராசிரியர்களுக்குத் தெரியுமா. வரிசையின் வாலில் நிற்பவனிடம் வீட்டு ரொட்டி இருக்கும், தலையில் நிற்பவனுக்குத் தாண்டும் அவசரம் இருக்கும், நாற்பதுக்கு வந்து சேரும்போதுதான் கொண்டுவந்தது தீர்ந்திருக்கும், இன்னும் இரண்டு நாள் மிச்சமிருக்கும். அவனுக்கு அவள் சோளக்களியும் பொரித்த ஆற்று மீனும் போட்டாள். நீ படித்தது அந்த நாற்பதில்தான்.

பிறகு பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்து நாட்டுக்காரன் காலை மிதித்துவிடக் கூடாதே என்று கூட்டத்தில் ஒதுங்கி நடக்கிறவன் மாதிரி அது வளைந்து வளைந்து ஆற்றைத் தாண்டியது. ஒவ்வொரு தூணாக எழும்ப எழும்ப எங்களுக்குக் கொண்டாட்டம். இங்கேதான் மகளே நாங்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டோம், வரிசையில் பிழைத்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. பாலம் என்பது பெரிய மிதவை என்று நினைத்துவிட்டோம். சின்ன மிதவைக்கே இத்தனை லாரி நிற்கிறதே, இவ்வளவு பெரியதற்கு எத்தனை நிற்கும் என்று கேட்டேன். நிற்காமல் போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லாரி என்றால் நிற்கிற பொருள், பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்தது அப்படித்தான். டயர் ஒட்டுகிறவன் இரண்டாவது கொட்டகை போட்டான், பணம் மாற்றும் பெண்கள் புதுக் குடை வாங்கினார்கள், உன் சித்தப்பன் பன்னிரண்டு அறையில் லாட்ஜ் கட்டினான், ஒவ்வொரு அறைக்கும் சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல், ஓட்டுநர் படுத்தபடியே தன் லாரியைக் காவல் காக்கலாம் என்று. திறப்பு விழாவன்று, வருஷா வருஷம் வெள்ளக் காலத்தில் மேட்டு அரண்மனைக்குக் குடிபெயரும் எங்கள் மன்னரின் படகு ஊர்வலத்துக்குக்கூட வராத கூட்டம். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் லாரியை மறித்து அதன் சக்கரத்தில் ஒன்று என்று எழுதினேன், எல்லோரும் கைதட்டினார்கள். லாரி கிளம்பியது. அந்த ஒன்று சுற்றிச் சுற்றி மேலும் கீழுமாய்ப் போய் மறுகரை ஏறி மறைந்துவிட்டது. இரண்டாவதுக்கு எழுதச் சாக்பீஸை எடுத்தேன், அது என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

உன் சித்தி முதல் வாரம் முழுக்க நாற்பது பேருக்குச் சமைத்தாள். "இன்னிக்கு வரலன்னா நாளைக்கு வருவாங்க, புதுப் பாலத்த வேடிக்கை பாத்துட்டுப் போறாங்க" என்றாள். இரண்டாவது வாரம் இருபது பேருக்கு. பிறகு எங்கள் இரண்டு பேருக்கு. பாலத்தைத் திட்டவும் என்னால் முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை. அறுபத்தொன்றாம் எண்ணில் காய்ச்சலோடு காத்திருந்து ஸ்டியரிங் மேலேயே தலை சாய்த்து உயிரை விட்ட ஓட்டுநரின் எண்ணை அழித்தவன் நான்தானே. ஹராரேக்காரன் தவெங்வா, நம் வீட்டு மீனைப் பன்னிரண்டு வருஷம் தின்றவன், போன மாதம் ஓரமாக லாரியை நிறுத்தி இறங்கி வந்தான். "ராஜாவே, கோவிச்சுக்காத. என் மக பொறந்தநாளுக்கு இந்த வருஷந்தான் மொத மொதல்ல வீட்டுல இருந்தேன். உன் சம்சாரம் பொரிக்கிற மீனை நெனச்சா நாக்கு ஊறுது, அதுக்காக அஞ்சு நாளு நிக்க முடியுமா, நீயே சொல்லு" என்றான். "போடா, அடுத்த தடவை உனக்கு எண்ணு கெடையாது" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினான். இப்போது ஒரு ஹாரன், அவ்வளவுதான்.

சரக்கு மலிவாகும் என்று எழுதியிருந்தாய். மலிவாகத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, எங்கோ. எங்களுக்கு மலிவாக வந்தது தெற்கத்தித் தக்காளி ஒன்றுதான், அதனால் எங்கள் தக்காளியை ஆடு தின்கிறது. செம்பு கீழே போகிறது, சர்க்கரை மேலே போகிறது, இரண்டும் எங்கள் தலைக்கு மேலே கைகுலுக்கிக்கொள்கின்றன. டயர்காரன் போய்விட்டான், குடைகள் போய்விட்டன. நான்கு மாதம் முன்பு உன் சித்தியும் போய்விட்டாள். அவள் அக்கா வீட்டில் இருப்பதாகப் போனில் உன்னிடம் சொன்னேன், பொய். வரிசை எங்கே போனதோ அங்கே போய்விட்டாள், வடக்கே காங்கோ எல்லைக்கு. அங்கே இன்னும் லாரிகள் நாள் கணக்கில் நிற்கின்றன. "இங்க நாப்பது சரிவராது, இவனுங்க சாப்பாட்டு மூட்டை பெருசு, அறுபதாவது எடத்துலதான் பசிக்குது" என்று சொல்லியனுப்பினாள். ஐம்பத்தாறு வயதில் தார்ப்பாய்க்குக் கீழே தூங்குகிறாள்.

இப்போது மாடுகள். உன் அப்பா உனக்கென்று விட்டுப்போனது பதினொன்று. இருபத்திரண்டாகப் பெருகிவிட்டது, மேய்ச்சலுக்குக் காடு போதவில்லை என்று போன வருஷம் நான் அளந்தேனே, இருப்பது மூன்று. எட்டை விற்றுத்தான் லாட்ஜ் எழும்பியது. வரிசையில் சேர்த்த காசில் கட்டினேன் என்றது இன்னொரு பொய். உன்னைக் கேட்கவில்லை, லாரிகள் வந்து நின்றதும் பதினாறாகத் திருப்பிக் கட்டி உன் முன்னால் நிறுத்தலாம் என்றிருந்தேன். உன் அப்பா உயிரோடிருந்தவரை என்னை விட்டு எங்கேயும் தனியாகப் போனதில்லை, இப்போது கனவில்கூட வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தியிடமிருந்து ஒரு கடிதம். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் அரசாங்க ஆட்கள் வந்து சிவப்புக் கொடி கட்டிய முளைகளை அடித்து அளந்திருக்கிறார்கள், அகல ரோடும் புது எல்லை அலுவலகமும் வரப்போகிறதாம், லாரி இரண்டு மடங்காகுமாம், ரோட்டோரமாக ஒரு மனை கிடைக்கிறதாம். மிச்சம் மூன்று மாட்டையும் விற்றுப் பணம் அனுப்புங்கள், செங்கல் வைத்து ஆறு அறை போடலாம், "நீங்களும் வந்துருங்க, மறுபடியும் கோட்டப் போட்டுக்கிட்டு ராஜாவா இருங்க" என்று. மகளே, படித்ததும் சாக்பீஸைத் தேடினேன். அப்புறம்தான் உன் கடிதத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது, கசுங்குலாவில் வெற்றி கண்டதை அடுத்து வடக்கு எல்லையிலும் லாரிகள் நிற்காதபடி செய்யப் போகிறோம், அதற்கு என் சாட்சி உதவும் என்று எழுதியிருந்தாய். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த முளைகள் உன்னுடையவை.

உடனே அவளுக்குப் போன் போட்டேன், கட்டாதே, அங்கேயும் நிற்காமல் போகப் போகிறது என்றேன். அவள் சிரித்தாள். "அன்னிக்கு ரெட்டிப்பாகும்னு சொன்ன வாயிதானே இது. இப்ப ஒண்ணுமே இருக்காதுங்குதா. உங்க கணக்கப் பெருக்கினாலும் தப்பு, வகுத்தாலும் தப்பு, வெள்ளிக்கெழம மாட்ட ஏத்துங்க" என்றாள். மாட்டு வியாபாரியிடம் அவளே பேசி முடித்திருக்கிறாள். நான் இனி என்ன சொன்னாலும் அது கிழவனின் இன்னொரு முதலைக் கதை. உன் வார்த்தையைத்தான் அவள் வகுக்கமாட்டாள்.

அதனால் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வேலையை நிறுத்து என்று கேட்கவில்லை, அங்கேயும் ஒருவன் காய்ச்சலோடு ஸ்டியரிங் மேல் சாய்ந்துகொண்டிருப்பான், அவனுக்கும் ஒரு மகள் இருப்பாள். அங்கே அது உண்மையாகவே வருகிறதா, எந்த மாதம் லாரிகள் நிற்காமல் போகும், இதை உன் சித்திக்கு நீயே போன் போட்டுச் சொல். மாடு உன்னுடையது, விற்கலாமா கூடாதா என்பதையும் நீயே சொல். கட்டாதே என்று நீ சொன்னால் அவள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வருவாள், எதற்கு, இந்தப் பன்னிரண்டு அறைக்குத்தான். கட்டு என்றால் அங்கே ஆறு அறையும் ஐம்பது வௌவாலும். மூன்றாவது வழி ஏதாவது உன் அறிக்கையில் இருந்தால் எழுது, நான் தேடிப் பார்த்துவிட்டேன், எனக்கு அகப்படவில்லை.

நீ கேட்ட இரண்டு வரி இதோ, கட்டம் கட்டிக்கொள். "பாலம் வந்த பிறகு லாரிகள் நிற்பதில்லை, ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நாற்பதாவது லாரி நின்ற இடத்தில் புல் முளைத்திருக்கிறது."

பெரியவர் ஆசியால் உனக்கு நீண்ட ஆயுளும், உன்னைச் சிரிக்க வைக்கிற ஒரு மாப்பிள்ளையும், மிகைப்படுத்தாத பிள்ளைகளும் வாய்க்கட்டும். மழைக்காலம் வந்தால் கொசுவலை கட்டு. என் மேல் கோபம் இருந்தால் அதை அப்புறம் சாவகாசமாகக் காட்டு, முதலில் சித்திக்குப் போன் போடு. வியாபாரி வெள்ளிக்கிழமை காலை வருகிறான். நேற்று கை சும்மா இருக்காமல் மூன்று மாட்டின் தொடையிலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டேன். நீ அடையாளத்துக்குக் காது வெட்டிய சிவப்புக் கன்றுதான் இப்போது பசுவாகி முதல் எண்ணில் நிற்கிறது. நல்ல ஒழுங்கான வரிசை, ஒன்றும் முந்தப் பார்க்கவில்லை. மூன்றும் உன் பதிலுக்காகத்தான் நிற்கின்றன.

இப்படிக்கு,
வகுக்கத் தேவையில்லாத உன் சித்தப்பன்,
லுபிண்டா.