அதியமான்கோட்டை கூட்ரோட்டில் உங்கள் முகம்

டீச்சர்,

ஒருவர் இறந்துபோன பிறகு அவருடைய முகம் யாருடையது? இன்று மாலையிலிருந்து இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உங்களிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருந்திருக்கும், அதைப் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பீர்கள்.

பள்ளி முடிந்து வந்ததும் வருடத்துக்கான புளி வாங்கப் போனேன். நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாசலில் மாசி, பங்குனி முழுக்கப் புளி தட்டுவார்கள். தெருமுனை திரும்பும்போதே அந்தப் புளிப்பு வாடை வந்துவிடும். நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓடு உடைத்து நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு பெரிய ஷீட்டை விரித்துப் புளியைக் காயப்போட்டிருந்தார்கள். குனிந்து ஒரு சுளையை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. கொஞ்சம் ஒதுக்கினேன். உங்கள் மூக்கு, மூக்குத்தி.

போன வருடம் நீங்கள் இறந்த அன்று கூட்ரோட்டில் கட்டிய ஃபிளெக்ஸ் அது. நான் அப்படியே நின்றதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் கேட்டாள்.

"தெரிஞ்சவங்களுங்களா?"

கூட வேலை பார்த்தவர்கள் என்றேன். அவள் கையிலிருந்த சுளையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் எங்கிருந்தோ எடுத்து வந்தாராம். நல்ல ஷீட், இரண்டு வருடம் உழைக்கும் என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "திருப்பிப் போட்டுறட்டுங்களா?" என்றாள்.

இருக்கட்டும் என்றேன். மேலே காய்ந்ததை வாங்காமல் சாக்கில் இருந்ததை வாங்கினேன். அதற்குக் காரணம் துக்கம் இல்லை. புளியின் அமிலமும் அச்சு மையும் சேர்ந்து என்ன செய்யும் என்று வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லியிருந்தால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு தயாராகியிருக்கும்.

நாம் இருவரும் கடத்தூர் பள்ளிக்குச் சேர்ந்து போய்வந்த பதினெட்டு வருடங்களில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். மற்ற ஆசிரியைகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் நல்லம்பள்ளியில் ஏறி, கைப்பையை வைத்து ஜன்னலோரத்தில் உங்களுக்கு இடம் பிடிப்பேன். நீங்கள் அதியமான்கோட்டையில் ஏறுவீர்கள். ஏறும்போதே அன்றைய எரிச்சலைச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். ஹோட்டலில் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுப்பது. புளியமரத்தில் ஆணியடித்து டியூஷன் போர்டு மாட்டுவது. பேப்பர் கப் டீ. அந்தக் கப்பின் உள்பக்கம் பூசியிருப்பது மெழுகு இல்லை, பாலிதீன் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அதை ஏன் சொன்னோம் என்று பிறகு பல தடவை வருந்தினேன். அன்றிலிருந்து எந்த டீக்கடையிலும் நாம் நிம்மதியாக டீ குடிக்கவில்லை.

கடத்தூரில் நம் அலுவலக உதவியாளர் மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? ஒவ்வோர் இலைக்கும் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். எல்லாரும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு எழுந்தார்கள். நீங்கள் கை கழுவப் போகாமல், பந்தியில் மிச்சமிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு வாளியில் ஊற்றினீர்கள். மண்டபத்துக்கு வெளியே இருந்த வேப்பங்கன்றுக்காம். மணமகளின் பெரியப்பா வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், கல்யாணத்துக்கு வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க" என்றீர்கள், நிமிராமலே.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். செருப்பைத் தேடுகிற பாவனையில் வெளியே போய்விட்டேன். உங்களோடு வந்தவள் என்று தெரிவதில் எனக்குக் கூச்சம். திரும்பும் பஸ்ஸில் என் கூச்சத்தை விஞ்ஞானமாக மாற்றி உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீரால் இந்த மாவட்டத்துக் குப்பையில் எள்ளளவு கூடக் குறையாது என்று விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள்.

"கொறையாதுன்னு எனக்குந் தெரியுங்க டீச்சர். எனக்கு எரிச்சல் கொறையுது, அது போதும்."

சுற்றுச்சூழலைப் பற்றி நான் கேட்ட உரைகளில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் முழுதாக நம்பினேன்.

நாம் பேசிய எத்தனையோ விஷயங்களில் ஒன்றுதான் இப்போது என் முன்னால் நிற்கிறது. கூட்ரோட்டில் பஸ் நின்றிருந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று ஃபிளெக்ஸ்கள் வரிசையாக இருந்தன. பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா, மகனுக்குப் பிறந்தநாள், தாத்தாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தாத்தா கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் பனிமலையும் அருவியும். உயிரோடு இருந்தபோது அவர் சேலம் தாண்டியிருக்க மாட்டார் என்றீர்கள். பஸ் கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"நான் போயிட்டா இந்த மாதிரி ஒண்ணு வெக்க வுட்றாதீங்க டீச்சர். வெச்சாங்கன்னா நீங்களே கிழிச்சிருங்க."

"சரிங்க டீச்சர்" என்றேன். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னேன். சாவதைப் பற்றி ஐம்பதுகூட ஆகாத இருவர் பஸ்ஸில் பேசுவது அப்போது வெறும் பேச்சு.

போன மாசியில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே முடிந்துவிட்டது. செய்தி கேட்டு நான் கூட்ரோட்டில் இறங்கியபோது உங்கள் உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஃபிளெக்ஸ் வந்துவிட்டிருந்தது. பத்துக்கு எட்டு. பள்ளி ஆண்டுவிழாக் குழுப் படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். உங்கள் நிறத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். பின்னால் மேகம், இரண்டு புறா. கீழே உங்கள் மகனின் நண்பர்கள் இருபது பேரின் முகங்கள், கட்டை விரல் அளவில். வெட்டியவர் அவசரத்தில் விட்டுவிட்ட ஒரு நீலக் கீற்று உங்கள் தோளை ஒட்டி இருந்தது. அது என் புடவை. அன்று உங்கள் பக்கத்தில் நின்றவள் நான்தான்.

உங்கள் மகன் கம்பத்தடியில் நின்றிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுகிற நேரமா அது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த இரண்டு மாதமும் நேரம் இருந்தது. தினமும் காலையில் பஸ் உங்கள் முன்னால் நிற்கும். பக்கத்து இருக்கையில் பை இருக்கும், யாராவது கேட்டால் எடுப்பேன். வெயிலில் உங்கள் புடவை சிவப்பிலிருந்து ரோஸ் ஆனது. மதியங்களில் அந்த நிழலில் ஆடு படுத்திருக்கும் என்று கண்டக்டர் சொன்னார். சித்திரைக் காற்றில் ஓரம் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் கம்பங்கள் மட்டும் இருந்தன. வாக்கை நான் காப்பாற்றவில்லை, காற்று காப்பாற்றிவிட்டது என்று நினைத்து நிம்மதியானேன். அந்த நிம்மதியைத்தான் இன்று புளிக்கு அடியில் பார்த்தேன்.

புளியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உங்கள் மகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நாளை மறுநாள் உங்களுக்கு வருஷம் திரும்புகிறது. படத்தில் புது ஃபிளெக்ஸ். கூடவே அவன் குரல்: "டீச்சர், பேனரு வந்துருச்சுங்க. நாளைக்குக் காலையில அதே எடத்துல கட்டறோம். போன வருசத்து போட்டோவுல அம்மா மொறைக்கிற மாதிரியே இருந்துச்சு. இதுல நல்லா சிரிக்கிறாங்க. நீங்க குடுத்ததுதானுங்க."

நான் கொடுத்ததுதான். இரண்டு வாரம் முன்பு, அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருக்கிறதா என்று கேட்டான். படையலுக்கு முன்னால் வைக்க, சட்டம் போட என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரையும் எதையும் கேட்காமலிருப்பதை நாகரிகம் என்று வளர்ந்தவள் நான்.

ஒகேனக்கல்லில் எடுத்தது. ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போயிருந்தோம். பாறை இடுக்குகளில் கிடந்த பாட்டில்களையும் எண்ணெய்க் கவர்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் பொறுக்கிக் குப்பைத்தொட்டியை நிரப்பினீர்கள். நாம் இருபதடி நடப்பதற்குள் ஒரு குரங்கு ஏறி, தொட்டியைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் உதறியது. நீங்கள் இடுப்பில் கை வைத்து நின்றீர்கள். "இதுக்கும் ஒரு மனு குடுத்துப் பாருங்க டீச்சர்" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறவள் இல்லை. அதனாலோ என்னவோ, அப்படிச் சிரித்தீர்கள். கண்கள் இடுங்கி, மேல்வரிசையில் அந்தத் தெற்றுப்பல் தெரிய. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

அந்தச் சிரிப்பு நீங்கள் எனக்காகச் சிரித்தது. இப்படி எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்னை உறுத்துகிறதா, அல்லது அந்தச் சிரிப்பை லாரிக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் பார்ப்பார்களே என்கிற பொறாமையா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை. அவனோ தாயைப் பறிகொடுத்தவன். நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள். யார் யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் விட்டுப்போனதில் எனக்கு வந்து சேர்ந்தது உங்கள் எரிச்சல்தான். கைப்பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடக்கிறது. டீக்கடையில் நீட்டினால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். சாம்பாருக்குத் தூக்குப்போசி எடுத்துப் போகிறேன். இதனால் எதுவும் குறையாது என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் போன மாதம் ஒரு வளைகாப்பில் பாதி குடித்த பாட்டில்களைப் பார்த்தபோது கை தானாக ஒன்றை எடுத்துத் திறந்தது. செருப்பைத் தேடிப் போகவில்லை. உங்களால் வந்தது என்று அதை மட்டும் சொல்ல முடியும்.

நாளை காலை முதல் பஸ்ஸில் போய்ச் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். இதற்கு முன்னும் பலமுறை இப்படி இருந்திருக்கிறேன்.

நேற்று அதோடு நிறுத்தினேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்குக் கூட்ரோட்டில் இறங்கினேன். உங்கள் மகனும் இரண்டு நண்பர்களும் கம்பம் நட்டு முடித்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் சுருட்டியபடி பைக் மேல் கிடந்தது. "தம்பி, அம்மா எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தாங்க" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். கிழிக்கச் சொன்னதையும் சொன்னேன். அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியுங்க டீச்சர். எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க" என்றான்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"சனிக்கிழமையானா ஓசூர்ல இருந்து வந்து இங்கதான் எறங்குவேன். போன வருசம் எறங்கினதும் பேனருல அம்மா நிப்பாங்க. வூட்டுக்குப் போனா அப்பா டீவி பாத்துட்டு இருப்பாரு. இங்க மட்டுந்தானுங்க டீச்சர், அம்மா நின்னாங்க."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. நண்பர்களில் ஒருவன், கட்டுவதா வேண்டாமா என்று கேட்டான். உங்கள் மகன் கம்பத்தைப் பிடுங்கத் தொடங்கினான். வேண்டாம் தம்பி, கட்டு என்று என் வாயில் வந்தது. சொல்லவில்லை.

வீட்டில் கூடத்துச் சுவரில் கட்டினோம். உங்கள் கணவர் எழுந்து டீவியை நகர்த்திக் கொடுத்தார். சுவருக்கு ஃபிளெக்ஸ் பெரிது. மேலே பரணிலிருந்து தொங்கவிட்டும் கீழ்ப்பகுதி தரையில் மடங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "எங்க மூஞ்சி பூரா கட்டிலுக்கடியில போச்சேடா" என்றான் நண்பன். உங்கள் மகன் முதன்முறையாகச் சிரித்தான். அவனுக்கும் அந்தத் தெற்றுப்பல் இருக்கிறது.

ஸ்டூலில் ஏறி அவன் ஆணியடித்தான். மறு முனையை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். சுவர் பழைய சுவர், ஆணி இரண்டு தடவை வளைந்தது. கை கடுத்தது. அவன் போதும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.