நாலாவது மாத்திரை

ஜூலை 14, செவ்வாய்.

மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்க ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். காதில் குரல் கேட்பதற்கு ஏற்கெனவே மூன்று மாத்திரை. புது டாக்டர் நாலாவதையும் எழுதினார்.

"பழசுல ஒண்ணையாவது நிறுத்துங்க சார். சோத்த வாயில வச்சிக்கினே தூங்கிடுறாரு."

"அதெல்லாம் முன்ன இருந்த டாக்டர் எழுதினதும்மா. நான் எப்படி நிறுத்த முடியும்?"

முன்ன இருந்தவரும் இதையேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். நாக்குக் குழற, நிதானமாக டாக்டரிடம் சொன்னார்:

"எங்க லைன்ல பார்ட் சரியில்லன்னா, அதக் கழட்டிட்டுத்தான் சார் புதுசு மாட்டுவோம்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "இப்படிச் சம்பந்தமில்லாம பேசுறது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டபடி மறுபடி பேனாவைத் திறந்தார்.