நாவல்பழச் சாறும் அப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

அகிலா எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க கால் வீக்கம் வடிஞ்சுதா? போன்ல கேட்டா சிரிச்சே மழுப்பிடுவீங்க, அதான் கடிதம்.

இங்க திருவிடந்தை லேப்ல ஊதா நிறக் கரைசல்ல பழச்சாறை விடுவோம். சாறுல சத்து இருந்தா ஊதா வெளுத்து மஞ்சளாகும். எங்க கம்பெனி நாவல்பழச் சாறை விட்டேன், நிறம் அசையவே இல்ல. பேருக்குத்தான் பழம், மீதியெல்லாம் சர்க்கரைப் பாகு. முதலாளி ஜெகதீசன் வந்து, "எலுமிச்சம்பழம் புழிஞ்சு வுடும்மா, மஞ்சளாயிடும், அல்லாரும் பண்ணிகினுதான் கீறாங்க"ன்னார். முடியாதுன்னுட்டேன். அதுக்குத் தண்டனையா இப்ப பாட்டில் கழுவுறேன். அது கிடக்கட்டும்.

"என் பொண்ணு சோதிச்ச சாறு"ன்னு அதைக் குடிச்சிட்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே? அம்மா இப்பதான் சொன்னாங்க. யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? ஊதா மஞ்சளானாலும் அது சர்க்கரைக்கு மருந்தாயிடுமா? எனக்கு வர்ற கோபத்துக்கு ஜெகதீசனையும் உங்களையும் ஒண்ணா நிக்கவச்சுத் திட்டணும்.

அம்மாகிட்ட எள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்க. தனியா உக்காந்தா மெஸ் சோறு இறங்கல.

பஸ் வந்திடுச்சு. இதைப் படிச்ச அன்னிக்கே மாத்திரையைப் போடுங்க. என்னை நம்பலேன்னா அந்தச் சாறை வாசல்ல கொஞ்சம் ஊத்திட்டு நில்லுங்க. எறும்பு வந்து சொல்லும்.

உங்க அகிலா