மோட்டாரிடம் சொல்லி அனுப்பியது

அன்பு மகள் பட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாயிருக்க வேண்டும், எங்களுக்கு வேறு நினைப்பில்லை. இருவர் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூவரும் சுகம் என்று நாயையும் சேர்த்து எழுதித்தானே பழக்கம். நம் மோட்டார் போய்விட்டான் பட்டு. போன வாரம் போனில் நீ அவன் எங்கே என்று கேட்டபோது தூங்குகிறான் என்று உன் அப்பா சொன்னாரே, அது பொய், அதற்கு முன்பே போய்விட்டான். புது வேலையில் மூச்சுவிட நேரமில்லை என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், அப்புறம் யார் யாரைத் தேற்றுவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அழுகை வந்தால் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படி, மீதியில் நல்ல சேதியும் இருக்கிறது.

முதலில் தண்ணீர்தான் நிறையக் குடித்தான். பிறகு தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். என் தையல் மெஷினுக்குக் கீழே விழுகிற துணித் துண்டைக்கூட விழுங்கப் பார்க்கிறவன் சாப்பாட்டை வேண்டாம் என்றால் எனக்கு மனசு கேட்குமா. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த மருத்துவரம்மா எங்களை உட்காரச் சொன்னார். பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளரவில்லையாம், இனி வளரவும் வளராதாம். நீங்க எந்தத் தப்பும் பண்ணலைம்மா, இவ்வளவு நாள் இருந்ததே நீங்க பாத்துக்கிட்டதாலதான் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண் நூறு வயசு வாழட்டும். அதையேதான் உனக்கும் சொல்கிறேன், நான் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் என்று ஆரம்பிக்காதே. நீ விடுமுறைக்கு வந்தபோது உன் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தானே, நீ அவன் வாயில் முத்தம் கொடுத்து என்னிடம் திட்டு வாங்கினாயே, அதெல்லாம் அவனுக்குக் கிடைத்ததுதான். குறையில்லாமல் இருந்துவிட்டுத்தான் போனான்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. நீ கிளம்பிப் போன பிறகு எனக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. சண்டையெல்லாம் இல்லை, சண்டை போடுவதற்கும் பேச வேண்டுமே. நீ இருந்தவரை எல்லாம் உன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, யோசித்துப் பார். சாப்பாடு ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லு, சாவி எங்கன்னு அம்மாகிட்ட கேளு, இப்படித்தானே குடும்பம் நடத்தினோம். எல்லாம் அவர் தொழிலால் வந்த வினை. முன்னறையில் ரிப்பேருக்கு வந்த ஃபேனுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும்போது சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும், பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் டீ வேணுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் அன்றைக்கு மூடிய வாய்தான். நீ நடக்கப் பழகியதும் உன்னைத் தூது விட்டேன். அவர் உதடு அசைவது நிற்கும்வரை காத்திருந்து, சொல்லிவிட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு தத்தக்காபித்தக்காவென்று வருவாய். நீ போனதும் அந்த வேலைக்கு ஆளில்லை. முன்னறையில் அவர் காயில் சுற்றும் சத்தம், உள்ளே என் மெஷின் சத்தம், அவ்வளவுதான் வீடு.

அப்போதுதான் யாரோ ரிப்பேருக்குக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போன ஃபேன் பெட்டிக்குள் இவன் சின்னக் குட்டியாக வந்து படுத்துக்கொண்டிருந்தான். தூங்கும்போது அவன் விட்ட குறட்டைச் சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, அப்பா, உள்ள மோட்டார் ஓடுதுப்பா என்று பெயர் வைத்தவள் நீதான். எனக்கு அவனை வைத்துக்கொள்ள இஷ்டமே இல்லை, அது உனக்குத் தெரியும். கோபத்தில் சமையலறையிலிருந்தே, டேய், உன்னை உள்ள விட்டவரை வந்து சாப்பிடச் சொல்லு என்று கத்தினேன். இதோ வரேன்னு சொல்லுடா என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது. அன்றைக்கே அவன் வேலையில் சேர்ந்துவிட்டான். போகப்போக நிஜமாகவே சேதி கொண்டுவந்தான் பட்டு. போய் அம்மாவைக் கூட்டிட்டு வா என்றால் நடு அறையைத் தாண்டி வந்து, பெடல் மிதிக்கிற என் காலின் மேல் தாடையை வைப்பான், கால் நின்றுவிடும், அவர் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். அவன் வழியாகத்தான் சண்டையும் போட்டோம். மோட்டாரு, இந்த வீட்ல ஒருத்தருக்கு உப்புன்னா என்னன்னே தெரியாது என்பார். மோட்டாரு, நாக்கு நீளமா இருக்கறவங்களையே சமைச்சுக்கச் சொல்லு என்பேன். உன்னைப் பற்றியும் அப்படித்தான். அக்கா இன்னிக்கு கூப்பிடலையாடா என்று அவனிடம் கேட்பார், அக்காவுக்கு வேலை ஜாஸ்தியாம்னு சொல்லுடா என்று நான் அவனிடம் சொல்வேன். நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பான் பாவம்.

உடம்புக்கு வந்த பிறகும் அவன் வேலை ஓயவில்லை. தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்ற மருத்துவரம்மா உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஃபேன் மாட்டிப் பார்க்கிற கொக்கியில் அந்தப் பையைத் தொங்கவிட்டு அவர் ஊசியைப் போடுவார், நான் மடியில் பிடித்துக்கொள்வேன். அப்போதும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மோட்டாரு, அம்மாவைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லு என்று அவனிடம்தான் சொன்னார். கடைசி நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து, மோட்டாரு, போய் அம்மாவைக் கூட்டிட்டு வா என்று குரல் வந்தது. நான் காலை நிறுத்திவிட்டு அந்தத் தாடை வந்து படும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் அப்பா வந்து கதவோரம் நின்றார், கையில் காயில் கம்பி அப்படியே இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், நீ கொஞ்சம் வாயேன், எழுந்திரிக்கப் பாத்தான், முடியலை, எனக்குப் பயமா இருக்கு என்று. பயம் என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் காலை அவன் தாடைக்கடியில் வைத்தேன், உன் அப்பா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பெரிய அவஸ்தை ஒன்றும் படவில்லை. எங்கள் இரண்டு பேர் குரலும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். பின்பக்கச் சுவரோரம் உன் அப்பாவே குழி வெட்டினார். வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்பலாம் என்று எடுத்துப் பார்த்தால் போதவில்லை, அவ்வளவு வளர்ந்திருந்தான், நம் வீட்டுச் சோற்றில்தானே வளர்ந்தான் என்று அப்போதும் எனக்கு ஒரு பெருமை.

அவன் போன துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இனிமேல் யாரிடம் சொல்லி அனுப்புவது, பழையபடி இரண்டு சத்தங்களோடு கிடக்கப்போகிறதா இந்த வீடு என்று நெஞ்சுக்குள் ஒரே பயம். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மோட்டாரு என்று ஆரம்பித்துவிட்டோம். அப்படியே நின்றுவிட்டது பேச்சு. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அப்போது, உனக்கு ஒண்ணு சொல்லணும், இன்னிக்கு உப்பு சரியா இருக்கு என்றார். என்னிடம், என்னைப் பார்த்து. அன்றைக்கு நான் உப்பே போடவில்லை பட்டு, போட மறந்துவிட்டேன். மனுஷனுக்கு அதுகூட நாக்கில் தெரியவில்லை, அவ்வளவு துக்கம். நானும் அதையே சாப்பிட்டு முடித்தேன்.

அதிலிருந்து பேசுகிறோம். ஒரு நாள் துணிந்து முன்னறைக்கே டீயைக் கொண்டுபோய், எண்ணிக்கிட்டிருக்கீங்களா என்று கேட்டேன். காயில் சுற்றுகிற மெஷினிலேயே சுற்றை எண்ணும் மீட்டர் வந்து வருஷக்கணக்காகிறதாம். பிறகு எதற்கு உதட்டை அசைக்கிறீங்க என்றால், பழகிடுச்சு, அதோட வாய் சும்மா இருந்தா வர்றவங்க எல்லாம் பொண்ணு எப்ப வருதுன்னு கேக்கறாங்க, என்ன பதில் சொல்றது என்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. பேசாத பிள்ளை ஒன்று வந்து எங்களைப் பேச வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்ச காலம்தான் இருந்தான், ஆனால் வராமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு நான் நன்றி சொல்கிறேன், பெயர் வைத்து வீட்டுப் பிள்ளையாக்கிய உனக்கும் சொல்கிறேன்.

மற்றபடி உன் அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உனக்கு இருமல் நின்றதா, ஈரத் தலையோடு வெளியே போகாதே, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. உடனே இன்னொரு குட்டி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பிவிடாதே, நாங்கள் இப்போதுதான் நேராகப் பேசப் பழகுகிறோம், கெடுத்துவிடாதே. தூங்குகிறான் என்று சொன்னதற்காக அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. இனி அவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்பாமல் அவரிடமே சொல், அவர் வாய் இப்போது சும்மாதான் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், உன் மனசு குளிர்ந்திருக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார் உன் அப்பா, தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம். என்னிடமே கேட்டார்.

பட்டு, அம்மா எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரிதான். அன்றைக்கு உப்பு இல்லை என்பது எனக்கு முதல் கவளத்திலேயே தெரியும். – அப்பா