காணாமல் போன ஆர்கியுமெண்டும் ரோசரி அண்ணியின் மாவும்

ஜூலை 7, திங்கள்

லேப்டாப்பில் இன்றைக்கும் அதே சிவப்பு எழுத்து. கட்டாயம் தரவேண்டிய இரண்டு ஆர்கியுமெண்ட்டைக் காணவில்லையாம். வேலை முடிந்து வந்ததிலிருந்து பதினேழு தடவை புரோகிராமை ஓட்டிவிட்டேன். பதினேழு தடவையும் காணவில்லை. புந்தோங் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுதான் பாக்கி.

ஆம்புரோஸ் அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஆர்கியுமெண்ட் மிஸ்ஸிங்கா? இந்த வீட்டுலயா? உங்க அண்ணிய கூப்புடு லா, எத்தன வேணும்னாலும் தருவா."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம். விழவில்லை, அண்ணி அப்படித்தான் வைத்தார்.

நாற்பத்து மூன்று வயதில் பகுதிநேரமாகப் படிக்கப் போனது யார் குற்றம்? என் குற்றம்தான். செமோரில் கையுறை ஃபேக்டரி லேபில் காலை ஷிப்ட், வாரத்தில் இரண்டு மாலை ஈப்போவில் வகுப்பு. இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இந்தத் தடவை புராஜெக்ட்: உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வகைக்கெழுச் சமன்பாடு எழுதி, கணினியில் தீர்த்துக் காட்டுங்கள். என் வாழ்க்கையில் என்ன இருக்கிறது? அண்ணியின் தோசை மாவு இருக்கிறது.

மாவு சரியில்லை என்பதும் உண்மை. காலை ஏழுக்கு அரைத்து வைத்தால் மாலை ஐந்துக்கு வாசலில் கடை போடும்போது பதமாக இருக்கவேண்டும். இருபத்தொரு வருடமாக இருந்தது. ஜூனிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு நாள் தோங் வாளியை விட்டு வெளியே வந்து தரையில் நடக்கிறது. அண்ணி பயந்து உளுந்தைக் குறைத்தால், மறுநாள் எழும்பவே மாட்டேன் என்கிறது. போன வாரம் ஒருத்தர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கதவு சாத்தியிருந்தது.

ஜூலை 9, புதன்

தர்மாவிடம் கேட்டேன். வகுப்பில் சின்னவன், இருபத்தாறு வயது, எல்லாம் தெரியும், தெரியும் என்பதும் தெரியும்.

"அக்கா, உங்க ஃபங்ஷன் நாலு கேக்குது. நேரம், மாவோட உயரம், பொங்குற வேகம், மேல் எல்லை. சமன்பாட்டத் தீர்க்கிற சால்வர் தானா குடுக்கிறது முதல் ரெண்டு மட்டும்தான். மத்த ரெண்டும் அதுக்கு எப்படிக்கா தெரியும்? நீங்கதான் ஆர்க்ஸ்னு ஒரு இடத்துல போட்டு அனுப்பணும்."

நர்சரிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். நன்றி சொல்லிவிட்டு, என் லேப்டாப் பையைக் கார்வரைக்கும் தூக்கிவரச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

மேல் எல்லையை எடுத்து ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதிவிட்டேன். இப்போது வேகம் ஒன்றை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்பினேன். புது எரர். பழையதே மேல்.

ஜூலை 12, சனி

ஒரு காற்புள்ளி! இரண்டு நாள் போனது ஒரே ஒரு காற்புள்ளிக்காக! ஒரே ஒரு எண்ணை அடைப்புக்குள் வைத்தால் அது வெறும் எண்தானாம். எண்ணுக்குப் பின்னால் காற்புள்ளி போட்டால்தான் அது பட்டியல் ஆகுமாம். அந்த எரரின் கடைசி வரியிலேயே உதாரணத்தோடு எழுதியிருக்கிறது. நான் முதல் வரியிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டதால் அதுவரைக்கும் போகவில்லை.

தர்மாவுக்குச் சொல்லப்போவதில்லை.

ஜூலை 14, திங்கள்

ஓடியது. அழகான வளைவு! அண்ணி ஒரு வாரமாக ஸ்கேல் வைத்து மணிக்கு மணி அளந்து கொடுத்த எண்களில் அமைதியான நாட்களை எடுத்து வேகத்தைக் கண்டுபிடித்தேன். இனி உளுந்தைக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். நாளை மூன்று மணிக்கு மாவு பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கும் என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு மணிக்கே தோங் வழிந்து பாய் நனைந்தது.

அண்ணி: "ஒன் கம்ப்யூட்டர வந்து தரையத் தொடைக்கச் சொல்லு லா."

நான்தான் துடைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

புதன் சரியாக வந்தது. வியாழன் அரை சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. இன்று மறுபடியும் பொங்கி, இருபத்தெட்டு. நல்லவேளை, அண்ணி அதே அகலத்தில் உயரமான தோங் வாங்கிவிட்டார். கோடில் எரர் ஒன்றும் இல்லை. அதுதான் கவலை. எரர் காட்டும்போது தப்பு எங்கே என்றாவது தெரியும்.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து வந்து காலண்டரில் பொங்கிய நாட்களுக்கு வட்டம் போட்டேன். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. மாவுக்குக் கிழமை எப்படித் தெரியும்?

அண்ணி பசாருக்குப் போவது செவ்வாயும் வெள்ளியும்தான். பத்தரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்புவார். நான் ஃபேக்டரியில். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் மட்டும் காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு மணிவரை வீட்டில்.

அண்ணனா... மாவில் கை வைக்கிறாரா?

ஜூலை 29, செவ்வாய்

லீவு போட்டேன். அண்ணியோடு சேர்ந்து வெளியே போவதுபோல் போய், பின்வாசல் வழியாக வந்து என் அறையில் கதவிடுக்கில் நின்றேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? தேவைதான்.

பதினொன்றுக்கு அண்ணன் அடுப்படிக்குள் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். கள்ளு. மேசையில் வைத்து அதன் எதிரே உட்கார்ந்தார். பத்து நிமிடம் அதையே பார்த்தார். மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், மூடினார். பிறகு எழுந்துபோய் முழுசையும் மாவுத் தோங்கில் ஊற்றிக் கரண்டியால் கலக்கினார்.

"அண்ணே!"

பாவம், கரண்டி தோங்குக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"அலாமாக்! ட்ரேசி... சொல்லிடாத லா. ரோசரிகிட்ட சொல்லிடாத."

போன கிறிஸ்துமஸுக்குக் குடித்துவிட்டு மோட்டாரோடு காவாயில் விழுந்து ஏழு தையல் போட்டவர். இனிக் கள்ளைத் தொடமாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவர். அண்ணி அன்றைக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: மறுபடி தொட்டால் பிள்ளைகளை ஏற்றும் வேனை நீங்கள் ஓட்டக்கூடாது.

"குடிச்சியா அண்ணே?"

"இல்ல. மாதா சத்தியமா இல்ல. செமோர்ல பிள்ளைங்கள எறக்கிட்டு வரும்போது வண்டி தானா அந்தக் கடைக்குத் திரும்புது. வாங்கிடறேன். வீட்டுக்குக் கொண்டாறேன். குடிக்கத் தைரியம் வரல. சாக்கடைல கொட்டவும் மனசு வரல."

"அதுக்கு மாவுல?"

"வீணாப் போகல இல்ல?"

சிரிப்பதா திட்டுவதா தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். இனி வாங்க மாட்டேன் என்றார். நானும் வாய் திறக்க மாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பொங்கவில்லை. பத்தொன்பது. அண்ணிக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு வாடிக்கைக்காரர், "போன வெள்ளி தோசை பஞ்சு மாதிரி இருந்துச்சே, இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வாழையிலை துடைத்தார்.

ஆகஸ்ட் 2, சனி

என் கையை வெட்டவேண்டும்.

புராஜெக்ட்டுக்குப் பொங்கிய நாட்களும் வேண்டும் அல்லவா? ஃபங்ஷனில் புதிதாக ஒரு ஆர்கியுமெண்ட் சேர்த்தேன். பெயர் வைக்கும்போதாவது யோசித்திருக்கலாம். எக்ஸ் என்று வைத்திருக்கலாம், இசட் என்று வைத்திருக்கலாம். நான் வைத்த பெயர் கள்ளு.

ஃபங்ஷனில் சேர்த்தவள் ஆர்க்ஸில் சேர்க்க மறந்தேன். அடுப்படி மேசையில் ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு: கட்டாயம் தரவேண்டிய ஓர் ஆர்கியுமெண்ட்டைக் காணவில்லை, கள்ளு. அதே நேரம் அண்ணி எனக்குக் கோப்பி கொண்டுவந்தார்.

அண்ணிக்குக் கோட் தெரியாது. ஆங்கில எழுத்துத் தெரியும்.

"ட்ரேசி, ஏன் இங்க கள்ளுன்னு போட்டிருக்கு?"

"அது... ஒரு கணக்கு அண்ணி."

"மாவுக் கணக்குல கள்ளுக்கு என்ன வேல?"

நான் பதில் சொல்வதற்குள், பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவர் மட்டும் எழாமல் இருந்திருந்தால் நான் ஏதாவது புளுகித் தப்பித்திருப்பேன்.

எல்லாம் வெளியே வந்தது. அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ பாத்தது ஒரு நாள்தான். மத்த நாளும் முழு போத்தலையும் ஊத்தினாராம். யாரு நம்புவா? பாதிய உள்ள ஊத்திக்கிட்டு மீதிய மாவுல ஊத்தியிருப்பாரு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பெற்றோர்களுக்கு அவரே போன் செய்து, வேறு வேன் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறாராம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் தனித்தனி பெஞ்சு. நான் நடு பெஞ்சு.

அண்ணன் சாப்பிடவில்லை. "நம்பாதது அவ தப்பில்ல லா," என்றார். "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

அப்போதுதான் தோன்றியது. உளுந்தை மாற்றுவதை நிறுத்திய பிறகு ஐந்து நாள் பொங்கிய அளவு அண்ணியின் கையெழுத்திலேயே இருக்கிறது. பாதிப் போத்தலுக்கு மாவு எவ்வளவு எழும்பும், முழுசுக்கு எவ்வளவு? கணக்கு என்னிடம் இருக்கிறது. பாதிப் போத்தல் என்றால் இருபத்துமூன்று, முக்கால் என்றால் இருபத்தைந்தரை, முழுசு என்றால் இருபத்தெட்டு. ஆனால் அண்ணி கணினியை நம்பமாட்டார். அவருடைய ஸ்கேலைத்தான் நம்புவார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பக்கத்து வீட்டு கீத் வேனை ஓட்டினார். நான் மறுபடி லீவு போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கள்ளுக்கடைக்குப் போனேன். உள்ளே இருந்த ஆறு ஆண்களும் குடிப்பதை நிறுத்தினார்கள்.

"ஆராய்ச்சிக்கு அண்ணே," என்றேன் கடைக்காரரிடம்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்று போத்தல்களைக் கட்டிக் கொடுத்தார்.

ஒரே மாவு, வழக்கமான அளவில், ஒரே மாதிரி மூன்று தோங். அரைத்தது ஏழு மணிக்கு. பதினொன்றுக்கு ஒன்றில் பாதிப் போத்தல், ஒன்றில் முக்கால், ஒன்றில் முழுசு. எதில் எது என்று அண்ணிக்குச் சொல்லவில்லை, அடியில் எழுதி ஒட்டினேன். மூன்று மணிக்கு அவர் கையாலேயே அளக்கச் சொன்னேன்.

முதல் தோங் இருபத்துமூன்று. இரண்டாவது இருபத்தைந்து. மூன்றாவது இருபத்தெட்டேகால்.

பழைய நோட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். இருபத்தெட்டரை, இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு முக்கால், இருபத்தெட்டு. முதல் செவ்வாய் தோங் வழிந்தபோதுகூட, வழிந்ததை எல்லாம் சேர்த்து அளந்து எழுதியிருக்கிறார்! மூன்றாவது தோங்கை ஒருபக்கமாகச் சாய்த்து அடியைப் பார்த்தார்.

"முழுசு," என்றார்.

"முழுசு அண்ணி."

"ஒரு வாய் குடிச்சிருந்தா இதுல தெரியுமா?"

பொய் சொல்ல நல்ல நேரம். சொல்ல வரவில்லை. "ஒரு வாய் தெரியாது அண்ணி. நாலு வாய் தெரியும்."

நோட்டை மூடி மேசையில் வைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனேன். சிரிக்கிறார். "இந்த மனுசன்... மாசக்கணக்கா என் தோசையக் கள்ளுல ஊறவச்சிருக்கு. ஃபாதர் வேற வெள்ளிக்கெழம மூணு தோசை வாங்கிட்டுப் போவாரு லா!"

மாலையில் அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் சாவி இருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெற்றோர்களுக்குப் போன் ஒன்றும் போகவில்லை. அவர்களிடமிருந்து ஒன்று மட்டும் வந்தது. கீத் நேற்று ரேடியோவைச் சத்தமாக வைத்தாராம், பிள்ளைகள் அதையே கேட்கிறார்களாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

புராஜெக்ட் சமர்ப்பிப்பு. குமுதா மேடம் கடைசி ஸ்லைடில் நிறுத்தினார். "இந்தக் கள்ளுங்கிற அளவ எப்படிச் சரிபார்த்தீங்க?"

"ஸ்கேல் வெச்சு மேடம்."

"ருசி பார்க்கலையே?"

வகுப்பே சிரித்தது. ஏ மைனஸ். தர்மாவுக்கு பி பிளஸ். அவன் கோட் கடைசி நிமிடத்தில் ஓடவில்லை. ஒரு எண்ணை அடைப்புக்குள் போட்டு அனுப்பியிருக்கிறான். பார்த்தேன். காற்புள்ளி இல்லை. நர்சரிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை மட்டும் ஆப்பம். கள்ளு ஊற்றியது என்று பலகையிலேயே எழுதிவிட்டார் அண்ணி. பசாரிலிருந்து வரும்போது கள்ளை அவரே வாங்கிவருவார். ஆறரைக்குள் தீர்ந்துபோகிறது.

நேற்று அண்ணி பாரிட் புந்தாருக்குப் பஸ் ஏறினார், தங்கச்சி வீட்டுக்கு. மூன்று நாள். கடை போட ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை. பஸ்ஸில் கால் வைக்கும்போது திரும்பி, என்னிடம் இல்லை, அண்ணனிடம் சொன்னார்: "நாளைக்கு ஆப்பத்துக்கு ஒரு போத்தல் வாங்கிருங்க."

கடைக்காக நான் லீவு. இன்று பதினொன்றுக்கு அண்ணன் வாங்கிவந்தார், சட்டைக்குள் இல்லை, கையில். ஊற்றினார். போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பினார்.

மணி ஒன்பதாகிறது. கடையை எடுத்து வைத்துவிட்டோம். அண்ணி இன்று முழுக்க ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை.