பத்தொன்பதாம் பாகத்துக் காவல்காரன்

கோவில்பட்டி
16-9-1998

அன்பு மகன் இசக்கிராஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். பம்பாயில் நீயும் மருமகள் விஜியும் நோய்நொடி இல்லாமல் இருக்கச் செண்பகவல்லித்தாய் துணை நிற்பாள். உன்னுடைய இரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. நீ எழுதுகிற மாலுமிக் கதைத் தொடரின் பத்தொன்பதாம் பாகத்தைப் பற்றி நம் புத்தகக் கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள், வழக்கம்போல ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். பத்து நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். முந்தின பதினெட்டு பாகங்களுக்கும் எழுதியது போல இதற்கு எழுத முடியவில்லை. பொறுமையாகக் கடைசி வரைக்கும் படி, படித்துவிட்டு விஜியிடமும் கொடு.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். 'எரிந்த கோட்டை' வந்த இரண்டாம் நாளே கடையில் ஒரு பிரதி மிச்சமில்லை, மறுபடி கட்டு வரவழைத்தேன். எட்டயபுரம் பஸ்ஸில் போகிற கண்டக்டர் காளிராஜ் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்து, "அண்ணாச்சி, எட்டாம் பாகத்துக்குப் பொறவு நம்ம ராஜா தம்பி இப்பத்தான் கரையேறியிருக்காவ, நடுவுல சிங்கராயன் சும்மா தீவைத்தான் சுத்திக்கிட்டு இருந்தான்" என்றான். புதியம்புத்தூரிலிருந்து வருகிற டெய்லர் ஒருவருக்குத் திருப்தி இல்லை. மாலுமி கதை என்று பேர் வைத்துக்கொண்டு இந்தப் பாகத்தில் நூறு பக்கத்துக்கு ஒரு படகு கூட வரவில்லை, கதாநாயகன் சிங்கராயன் வரவர ரொம்பப் பேசுகிறான், கத்தியை எடுப்பதே இல்லை என்று குறைப்பட்டார். ரிட்டயர்டு வாத்தியார் வன்னியபெருமாள் உன் தமிழை மெச்சினார், ஆனால் சிங்கராயன் ஒரு காவல்காரனை மயிரைப் பிடித்து மணலில் இழுத்துப் போவதை வாசகன் கைதட்டிப் பார்க்கும்படி எழுதியிருப்பது தனக்கு ஒப்பவில்லை என்றார். நான் எப்போதும் போல எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். வாத்தியார் சொன்னதை மட்டும் குறிக்காமல் விட்டேன். ஏன் விட்டேன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் நான் புத்தகத்தைப் படித்த அன்று தீ வருகிற இடத்தில் மூடிவைத்துவிட்டு, மறுநாள்தான் மீதியைப் படித்தேன். தீவில் கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடிக்கிறது, வேலை செய்கிற பெண்கள் மேற்கு வாசலுக்கு ஓடுகிறார்கள், வாசல் வெளியே பூட்டியிருக்கிறது, பூட்டிய காவல்காரன் கள்ளுக்குடிக்கப் போயிருக்கிறான், ஒரு பெண் செத்துப்போகிறாள். அந்தக் காவல்காரனுக்கு இடது காலை இழுத்து நடக்கிற நடை, இடுப்பில் சாவிக்கொத்து, மடியில் பொடி டப்பா. நான் கணக்குப்பிள்ளையாக இருந்த தீப்பெட்டி ஆபீஸில் எழுபத்தாறில் நடந்த தீயையும், அங்கே வாட்ச்மேனாக இருந்த தங்கசாமியையும் நீ அப்படியே எடுத்து வைத்திருக்கிறாய். உனக்கு அப்போது பத்து வயது. பேர் மாற்றினால் போதும் என்று நினைத்திருப்பாய். ஊருக்குப் பேர் தேவைப்படவில்லை. இந்தப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் மத்தவர்கள் குச்சி அடுக்க ஒருத்தி உன் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிக்கிறது உனக்குத் தெரியும். அப்படி வாசிக்கிற வெயிலம்மாள்தான் முதலில் கடைக்கு வந்தாள். "அண்ணாச்சி, தொண்ணூத்தி நாலாம் பக்கத்தோட நிப்பாட்டிட்டேன், இது நம்ம தங்கசாமி அண்ணன்னு அங்கன எல்லாரும் சொல்லுதாவ, நெசந்தானா" என்று கேட்டாள். கதைதானே தாயி என்று சொல்லி அனுப்பினேன்.

கதையோடு நிற்கவில்லை. தங்கசாமி இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறான். சைக்கிள் எடுக்க வருகிறவர்கள், சாவி பத்திரமா, கள்ளுக்கடை பக்கம் போயிராதேயும் என்று கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். போன வாரம் அவன் வீட்டுச் சுவரில் யாரோ கரித்துண்டால் 'கோட்டைக் காவல்காரன்' என்று எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி. அவன் மகள் சுடலைச்செல்விக்கு நாகலாபுரத்தில் முப்பிடாதி என்கிற பையனைப் பேசி, ஐப்பசியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். பையனை வளர்த்த சித்தி பொன்மணி, அந்தத் தீயில் செத்துப்போன சங்கரம்மாளின் கூடப்பிறந்த தங்கச்சி. தங்கசாமியும் அதே ஆபீஸில் அடிபட்டவன் என்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். புத்தகம் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பேச்சை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சுடலைச்செல்வி கடைக்கு வந்தாள். உன் பதினெட்டு பாகத்தையும் வாங்கிப் படித்தவள், சில பாகங்களை இரண்டு தடவை. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். புத்தகத்தைப் பலகையில் வைத்துவிட்டு, "அண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்காவ மாமா, படிக்கையில அந்தக் காவல்காரனை நானே வெட்டிப்போடணும்னுதான் நெனச்சேன், நடையைச் சொன்ன இடத்துலதான் அது எங்க அப்பான்னு தெரிஞ்சுச்சு" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள், புத்தகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். உனக்கு வந்த வாசகர் கருத்துகளில் இதை முதலாவதாக வைத்துக்கொள்.

அதற்கு மறுநாள் உச்சிப்பொழுதில் தங்கசாமியே வந்தான். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஆள் நடமாட்டமில்லை, கடையில் நான் மட்டும் இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் விட்டுப் போன புத்தகம் பலகையில் கிடந்தது, அதைக் கையில் எடுத்தான். "செல்வி படிச்சுக் காட்ட மாட்டேங்கா, எனக்கு எழுத்து தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும், என்னைப் பத்தி எழுதினதை நீங்களே படிங்க அண்ணாச்சி" என்றான். இது உன்னைப் பற்றி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் அந்தப் பொய் வெளியே வரவில்லை. படித்தேன். கால் வருகிற வரியைத் தாண்டிப் படித்தேன். "கால் பத்தி ஏதோ இருக்காமே, விட்டுட்டீங்களே" என்றான். திரும்பிப் போய் அதையும் படித்தேன். மணலில் இழுத்துப் போகிற இடம் வரைக்கும் அசையாமல் கேட்டான். படித்து முடித்ததும், "ஆஸ்பத்திரில நான் கைநாட்டு வச்சேனே ஒரு தாள், அதையும் இப்பிடி விட்டு விட்டுத்தான் படிச்சீங்களோ" என்று கேட்டான்.

ராஜா, இதற்கு மேல் எழுதுவதை உன் அம்மாவிடமே நாலு நாளைக்கு முன்புதான் சொன்னேன். மேற்கு வாசலைப் பூட்டியவன் தங்கசாமி இல்லை, நான். பெண்கள் அந்த வழியாகப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய் வருகிறார்கள், வேலை கெடுகிறது என்று முதலாளி சத்தம் போட்டார். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு வெளிப்பக்கம் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாங்குக்குப் போனேன். கள் குடிக்க யாரும் போகவில்லை. தீப்பிடித்ததும் முன்வாசலிலிருந்து ஓடிப்போய்க் கல்லைத் தூக்கிப் பூட்டை உடைத்தவன் தங்கசாமிதான். முப்பது பெண்கள் அந்த வழியாகத்தான் வெளியே வந்தார்கள். வெளியே பூட்டை உடைத்தது யார் என்று புகையில் அவர்களுக்குத் தெரியவில்லை, பார்த்த ஒன்றிரண்டு பேரும் முதலாளிக்குப் பயந்து வெளியே சொல்லவில்லை. கடைசியில் சங்கரம்மாளை இழுக்க உள்ளே போனபோது கூரை உத்தரம் காலில் விழுந்தது. நீ வில்லனுக்கு அடையாளமாக வைத்த நடை அப்படி வந்த நடை. ஆஸ்பத்திரியில் அவன் கிடக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு, விஷயம் உம்ம தலையில விடிஞ்சா ஜெயிலு, நீரு பிள்ளைகுட்டிக்காரர் என்றார். வாட்ச்மேன் பூட்டிவிட்டு வெளியே போனதாக என் கையாலேயே எழுதினேன். அவனிடம் போய், பூட்டை உடைத்துக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினேன். வழக்கு விபத்து என்று முடிந்துபோனது, ஆனால் அவனுக்கு வேலை போயிற்று. யார் பூட்டினது என்று நீ வீட்டில் கேட்டபோது உனக்கும் அதையே சொன்னேன். நீ என்னை நம்பித்தான் எழுதியிருக்கிறாய், இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நீயும் ஒரு தடவை அவனிடம் கேட்டிருக்கலாம். வருஷா வருஷம் ஊருக்கு வருகிறாய், அந்த ஸ்டாண்டில்தான் சைக்கிளை விடுகிறாய்.

தங்கசாமி கோபப்படவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "சாவி உங்க பையில இருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும், பாங்குலேருந்து பையைப் பொத்திக்கிட்டே ஓடி வந்தீங்க. ஆனா தாள்ல எம்பேரை எழுதினது தெரியாது. காலு போனதாலதான் முதலாளி நிப்பாட்டிட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான். புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் நாகலாபுரம் போனேன். வழிநெடுக மழைக்கு முன்னால் உழுது போட்ட கரிசல், பொன்மணியும் புஞ்சையில்தான் இருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் களைக்கொத்து இருந்தது, ஓங்கினால் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன். அவள் களைக்கொத்தை வரப்பில் ஊன்றினாள். "எங்க அக்கா பிள்ளைக்கு அப்ப எட்டு மாசம், அவனைத்தான் முப்பிடாதின்னு வளத்து வச்சிருக்கேன்" என்றாள். எனக்கு அதுவரைக்கும் அது தெரியாது. பிறகு, "எங்கிட்ட ஒத்தையில வந்து சொல்லிட்டுப் போனா ஆச்சா, அந்தப் புஸ்தகத்தைப் படிச்ச அம்புட்டுப் பேருக்கும் தெரிய வேண்டாமா" என்று கேட்டாள். என்னை வீட்டுக்கு வாரும் என்று சொல்லவில்லை, தண்ணீர் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவளே பஸ் ஏறி வந்து தங்கசாமி வீட்டுக்குப் போனாள். சுவரில் இருந்த கரி எழுத்தை அவளும் செல்வியும் சேர்ந்து கழுவினார்களாம், வெயிலம்மாள் வந்து சொன்னாள். கல்யாணம் ஐப்பசியிலேயே நடக்கிறது. நமக்குப் பத்திரிகை வரவில்லை, வராது.

நேற்றுச் சென்னையில் உள்ள உன் பதிப்பகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் வாசகர் கருத்து என்று நாலு பக்கம் போடுகிறார்களே, அதில் போடச் சொல்லி, மேலே உனக்கு எழுதியதை என் முழுப் பெயர், விலாசத்தோடு எழுதியிருக்கிறேன். எழுத்தாளரின் தகப்பனார் என்பதையும் எழுதியிருக்கிறேன். போடலாமா என்று அவர்கள் உன்னைக் கேட்பார்கள். உன் பெயர் கெடும், தொடர் நின்றுபோகும் என்று உனக்குத் தோன்றலாம், போடவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அப்படிச் சொல்லாதே. அவர்கள் போடாவிட்டால் அதன் நகலைக் கடை வாசலில் ஒட்டப்போகிறேன், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். முதலாளி செத்து ஒன்பது வருஷம் ஆகிறது, அவர் மேல் தள்ளிவிட்டு ஒதுங்கவும் எனக்கு மனமில்லை. போலீஸ், கோர்ட்டு என்று வந்தால் வரட்டும், எனக்கு வயது அறுபத்தெட்டு. உன் அம்மா வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. சங்கரம்மாளும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, எனக்காகப் பரிந்து எதுவும் எழுதிவிடாதே.

விஜியை இந்த நேரத்தில் அலைய விடாதே, எலெக்ட்ரிக் ரயிலில் கூட்டத்தில் ஏறவேண்டாம் என்று சொல், வேளைக்கு மருந்து சாப்பிடச் சொல். பிறக்கப்போகிற பிள்ளையும் நீங்களும் நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், அந்த ஆசீர்வாதத்தைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இதைப் படித்ததும் என் மேல் வருகிற கோபம் வரட்டும், எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. தங்கசாமிக்கு முதலில் எழுது. எளிய வார்த்தையாகப் போட்டு எழுது, செல்வி ஒரு வரி விடாமல் அவனுக்குப் படித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சௌந்தரபாண்டியன்